ஐவர் அணியும் ஒளியின் ஓட்டமும்

திருப்பூரில் பின்னலாடை எந்திரம் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமாக அமைந்த நூற்றுக்கணக்கான ஊசிகளுள் ஒன்று பழுதானாலும் துணி நெடுகக் கோடு விழும். இன்று இணையத்தின் வழியே ஐவருக்கு எதிராக ஐவர் ஆடும் போர் விளையாட்டுகளிலும் இதே நிலைதான். ஒருவரின் அசைவு பிந்தினால் அணியே தடுமாறும். அசைவு ஏன் பிந்துகிறது?

இவ்வகையில் புகழ்பெற்றவை 2009-இல் வெளிவந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்', 2013-இல் வெளிவந்த 'டோட்டா 2' ஆகியவை. இரண்டையும் இலவசமாக ஆடலாம். எதிரணியின் கோட்டையை முதலில் தகர்ப்பவர்களுக்கே வெற்றி.

பத்துப் பேரும் பத்து ஊர்களில் இருக்கலாம். "நான்தான் முதலில் அடித்தேன்" என்று இருவர் சொன்னால் யார் சொல்வது சரி? இதைத் தீர்மானிக்க நடுவர் ஒருவர் வேண்டுமல்லவா? அவர்தான் 'சர்வர்' என்னும் தொலைதூரக் கணிப்பொறி. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு செய்தி சர்வருக்கு ஓடுகிறது. சர்வர் எல்லோருடைய செய்திகளையும் சேர்த்து முடிவு செய்து, முடிவைப் பத்துப் பேருக்கும் அனுப்புகிறது. டோட்டா 2-இல் இந்த வேலை வினாடிக்கு 30 முறை நடக்கிறது. படங்கள் அனுப்பப்படுவதில்லை, அவற்றை உங்கள் கருவியே வரைந்துகொள்கிறது.

செய்தி ஒளியாக மாறிக் கண்ணாடி இழைக்குள் பயணம் செய்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. கண்ணாடியில் அது சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிடும். இப்போது கணக்கிடுவோம்.

சர்வர் சென்னையில் இருந்தால் திருப்பூரிலிருந்து போக 450 கி.மீ., வர 450 கி.மீ. ஆக 900 கி.மீ. இதற்கு 0.0045 வினாடி போதும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால்? சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் 'ஐ2ஐ' கடலடிக் கேபிள் 2002-இல் இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 3,200 கி.மீ. போக வர மொத்தம் 7,300 கி.மீ.; நேரம் 0.0365 வினாடி. சர்வர் 10,000 கி.மீ. கேபிளுக்கு அப்பால் ஐரோப்பாவில் இருந்தால் 0.1 வினாடி ஆகும். கண்ணால் கண்டதும் விரலை அசைக்க நமக்குச் சுமார் 0.2 வினாடி தேவை. அதில் பாதியைத் தூரமே விழுங்கிவிடுகிறது! சர்வருக்கு அருகில் இருப்பவர் திறமையில் சமமானவராக இருந்தாலும் முந்திக்கொள்வார்.

விளையாட்டுத் திரையில் தெரியும் 'பிங்' என்னும் எண் இந்தப் போக்குவரத்து நேரமே. அது மில்லி வினாடியில் தரப்படும். வைஃபை, இடைநிலைக் கருவிகள், இணைப்பில் நெரிசல் ஆகியவற்றால் அது நம் கணக்கைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். இந்தக் கூடுதலைக் குறைக்கலாம்; ஒளியின் வேகத்தைக் கூட்ட எவராலும் இயலாது. சர்வரை அருகில் கொண்டுவருவதே வழி. ஆகவே புதிய இலவச விளையாட்டு ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், சர்வர் எந்த ஊரில் என்று முதலில் கேளுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்: திருப்பூரிலிருந்து மும்பைக்குக் கேபிள் வழி 1,300 கி.மீ. என்று கொண்டால், பிங் எவ்வளவுக்குக் கீழே இறங்கவே முடியாது?

(விடை: 13 மில்லி வினாடி)