பதின்மூன்று பிள்ளைகளின் கணக்கு

ஓர் அறை, மூன்று வயதுப் பிள்ளைகள் 24 பேர். இங்கிலாந்தில் ஒரு தனியார் நர்சரி இவர்களைப் பார்த்துக்கொள்ள 3 பெரியவர்களை வைத்தாக வேண்டும்; 8 பிள்ளைக்கு ஒருவர் என்பது விதி. ஆனால் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்த ஒருவர் பிள்ளைகளோடு நேரடியாக இருந்தால், 13 பிள்ளைக்கு ஒருவர் போதும். அதே 24 பிள்ளைகளுக்கு அப்போது 2 பேர்.

ஒருவருடைய படிப்பு இன்னொருவருடைய சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சத்தில் படித்தவர் கைக்கு எவ்வளவு வர வேண்டும்? அதற்கு முன் படிப்புக்கு ஆகும் செலவைப் பார்த்துவிடுவோம்.

நுழைவு

நம் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆக விரும்புகிறவர் பிளஸ் டூ முடித்து 2 ஆண்டு டிப்ளமோவில் சேர்வார். இங்கிலாந்தில் பட்டம் முடித்தவர் அதற்குமேல் ஓராண்டு படிக்கும் படிப்புக்குப் பிஜிசிஇ என்று பெயர். 3 முதல் 7 வயது, 5 முதல் 11 வயது என்று பிரிவுகள் உண்டு. முடித்தால் கிடைக்கும் தகுதி க்யூடிஎஸ். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் ஊதிய விகிதத்துக்கும் அதுதான் சாவி.

பட்டத்தோடு, பத்தாம் வகுப்புக்கு நிகரான ஜிசிஎஸ்இ தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் குறைந்தது 4-ஆம் தரம் வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பட்டம் வாங்கி லண்டனில் குடியேறியவரென்றால், அந்தப் பட்டம் இங்கிலாந்தில் எதற்குச் சமம் என்று யூகே எனிக் அமைப்பு தரும் சான்றும் பொதுவாகத் தேவைப்படும்.

ஓராண்டுச் செலவு

2024 செப்டம்பரில், லண்டனுக்கு வெளியே சேர்ந்த உள்நாட்டு மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொகைகள் பவுண்டில்.

- கல்விக் கட்டணம், உச்சவரம்பு: 9,250
- வீட்டைவிட்டுத் தங்கிப் படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக் கடன், அதிகபட்சம்: 10,227
- இரண்டும் சேர்ந்து கடன்: 19,477
- பள்ளியில் இருக்க வேண்டிய நாட்கள்: குறைந்தது 120, குறைந்தது 2 பள்ளிகளில்
- அந்த நாட்களுக்குச் சம்பளம்: 0
- அரசு ஊக்கத்தொகை: 0

பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்தால் கடன் ஏறக்குறைய 22.4 லட்சம் ரூபாய். பள்ளி ஆண்டு 190 நாள்; அதில் 120 என்பது 63 விழுக்காடு. கட்டணம் முழுவதையும் அந்த 120 நாட்களின் தலையில் போட்டால், பயிற்சியாளர் நாளொன்றுக்கு 77 பவுண்டு கொடுத்து வகுப்பறையில் நிற்கிறார். மறு ஆண்டு கட்டணம் 9,535 ஆனது.

பட்டியலின் கடைசி வரியில் உள்ள பூஜ்யம் எல்லோருக்கும் இல்லை. அதே ஆண்டில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினியியல் ஆசிரியராகப் பயின்றவருக்கு 28,000 பவுண்டு ஊக்கத்தொகை. ஆள் கிடைக்காத பாடத்துக்குப் பணம் கொட்டுவது அரசின் வழக்கம். தொடக்கப்பள்ளிப் பயிற்சிக்கு அந்த ஆண்டு வைத்த இலக்கு 9,400 பேர்; 88 விழுக்காடு நிரம்பியது. பிறப்பு குறைந்து வகுப்புகள் சுருங்குவதால் அடுத்த ஆண்டு இலக்கையே 7,650 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

சம்பளத்தோடு பயிலவும் வழி உண்டு, இடங்கள்தான் குறைவு. அப்ரண்டிஸ் ஆசிரியராகச் சேர்ந்தால் கட்டணம் கிடையாது. தகுதி பெறாத ஆசிரியருக்கான ஊதியம், 2024-25-இல் லண்டனுக்கு வெளியே குறைந்தது 21,731. மிச்சமான கட்டணத்தையும் கூட்டினால் இரு வழிகளுக்கும் இடையே வரிக்கு முன் 30,981 பவுண்டு வித்தியாசம். கையில் சேமிப்பு இல்லாதவருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பது பல நேரம் வாழ்க்கையையே தீர்மானித்துவிடும்.

கடன் அடையும் விதம்

படிப்பை முடித்தவர் 2025 செப்டம்பரில் வேலைக்குச் சேர்கிறார். தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 32,916. கல்விக் கடனுக்குப் பிடித்தம் 25,000-க்கு மேல் உள்ள தொகையில் 9 விழுக்காடு. ஆக 7,916-க்கு 712 பவுண்டு, மாதம் 59. பிடித்தம் 2026 ஏப்ரலில் தொடங்கும். 40 ஆண்டு கழித்தும் மீதி இருந்தால் தள்ளுபடி.

வட்டி 3 விழுக்காடு என்று வைத்துப் பார்த்தால் முதலாண்டு வட்டி மட்டும் 584. கட்டும் 712-இல் அசலுக்குப் போவது 128. இளங்கலைக் கடனும் சேர்ந்திருந்தால் அந்த 128-உம் வட்டிக்கே போய்விடும். ஒரு வசதி, தவணை கடனைப் பார்த்து ஏறுவதில்லை, சம்பளத்தைப் பார்த்து ஏறுகிறது. கடன் இரட்டித்தாலும் மாதம் அதே 59தான். தள்ளிப்போவது அடைந்து முடியும் நாள்.

சம்பளத்தின் எடை

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டில் 195 வேலைநாள், தலைமையாசிரியர் பணிக்கக்கூடிய நேரம் 1,265 மணி. அப்படி வகுத்தால் மணிக்கு 26 பவுண்டு. நோட்டுத் திருத்துவதும் மறுநாள் பாடத்துக்குத் தயாராவதும் இதில் முழுதாக அடங்குவதில்லை. வாரம் 50 மணி, 39 வாரம் என்று வைத்தால் 1,950 மணி, கூலி 16.88 பவுண்டாக இறங்கிவிடும்.

முதல் 2 ஆண்டுகள் புதியவருக்குச் சலுகைக் காலம். பாடத் தயாரிப்புக்கு எல்லா ஆசிரியருக்கும் உள்ள 10 விழுக்காட்டுக்கு மேல், முதலாண்டு 10 விழுக்காடும் இரண்டாமாண்டு 5 விழுக்காடும் பாடவேளை குறையும். ஓய்வூதியத்துக்கு நிர்வாகம் செலுத்துவது ஊதியத்தில் 28.68 விழுக்காடு, அதாவது 9,440 பவுண்டு.

நர்சரிப் பக்கம்

பிறந்த குழந்தை முதல் 5 வயது வரைக்கான ஆசிரியர் தகுதி 2013-இல் வந்தது. அதற்கும் பட்டம் வேண்டும், அதே 3 ஜிசிஎஸ்இ வேண்டும், அதே 120 நாள் பயிற்சி வேண்டும். படிக்கும் ஆண்டில் இவர்தான் கொடுத்துவைத்தவர்: கட்டணத்துக்கு 7,000 பவுண்டு அரசு தருகிறது, பட்டத்தின் தரத்தைப் பொறுத்து 2,000 முதல் 5,000 வரை ஊக்கத்தொகையும் உண்டு.

படித்து முடித்ததும் கணக்கு தலைகீழாகிறது. இந்தத் தகுதி க்யூடிஎஸ் அல்ல. தேசிய ஊதிய விகிதம் இவருக்குப் பொருந்தாது; நர்சரிக்காரர் வைத்ததுதான் சம்பளம். சட்டம் காப்பது குறைந்தபட்சக் கூலியை மட்டுமே: 2025-26-இல் 21 வயதானவருக்கு மணிக்கு 12.21. வாரம் 40 மணி, 52 வாரம் என்றால் 25,397. ஓய்வூதியத்துக்கு நிர்வாகம் கட்டாயமாகப் போட வேண்டியது, 6,240-க்கு மேற்பட்ட தொகையில் 3 விழுக்காடு: 575.

அதே மூன்று வயதுப் பிள்ளை அரசுப் பள்ளியின் நர்சரி வகுப்பில் இருந்தால் அதன் ஆசிரியருக்கு 32,916; தெருமுனைத் தனியார் நர்சரியில் இருந்தால் 25,397-இலிருந்து எதுவும் இருக்கலாம். சட்டத்தில் இருவரும் 13 பிள்ளைக்குச் சமம். சம்பளத்தில் மட்டும் சமம் இல்லை.

கடைசி வரி

இப்போது அந்த 24 பிள்ளைகளின் அறைக்குத் திரும்புவோம்.

- படித்தவரால் மிச்சமான ஓர் ஆளின் குறைந்தபட்சக் கூலி: 25,397
- இரு ஆசிரியர்களின் ஊதிய இடைவெளி, அடிமட்டத்தில்: 7,519
- ஓய்வூதிய இடைவெளி: 8,865
- இடைவெளி மொத்தம்: 16,384
- அதையும் கொடுத்த பிறகு நர்சரியிடம் மீதி: 9,013

நர்சரி நடத்துவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. 13 பிள்ளை வரை ஏற்றாத அறையில் இந்த மிச்சம் கிடையாது. 2025 செப்டம்பரிலிருந்து, வேலைபார்க்கும் பெற்றோரின் குழந்தைகளுக்கு 9 மாதம் முதல் வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 38 வாரம், அரசு பணம் தருகிறது. அந்தப் பணம் கட்டுப்படியாகவில்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை.

ஆனால் 13-க்கு ஒருவர் என்ற சலுகையை எடுத்துக்கொண்டு 24 பிள்ளைக்கு 2 பேர் வைத்திருக்கும் நர்சரி, பணமில்லை என்று சொல்ல முடியாது. படித்தவரால் மிச்சமான ஒவ்வொரு பவுண்டிலும் 30 பென்ஸை அவரிடமே திருப்பிக் கொடுத்தால், பள்ளி ஆசிரியரின் முதல் மாதச் சம்பளம் இவருக்கும் வந்துவிடும்.