நகையும் நல்வாழ்வும்

தமிழ் இலக்கணம் சிரிப்பைச் சிறு பொருளாகக் கருதவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உள்ளத்து உணர்வுகளை எட்டு வகையாகப் பகுத்து, அவற்றுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளுதல், இளமைத் தன்மை, பேதைமை, மடமை ஆகிய நான்கின் வழியாக நகை பிறக்கும் என்றும் கூறுகிறது. பழைய உரையில் ஒரு நுட்பம் உண்டு. பிறருடைய பேதைமையைக் கண்டு சிரிப்பது மட்டும் நகை அன்று. தன்னுடைய பேதைமையை உணர்ந்து தானே சிரிப்பதும் நகையே.

இவ்விரண்டாவது நகையை வாழ்நாள் முழுவதும் போற்றிய ஒருவரைப் புணே நகரம் நன்கறியும். அவர் மராத்தி எழுத்தாளர் புருஷோத்தம் லக்ஷ்மண் தேஷ்பாண்டே. மக்கள் அவரைப் 'பு. ல.' என்றே அன்புடன் அழைப்பர். 1919 நவம்பர் 8ஆம் நாள் மும்பையில் பிறந்த அவர், 2000 ஜூன் 12ஆம் நாள் புணேயில் மறைந்தார். ஆசிரியர், நாடக ஆசிரியர், நடிகர், இசையமைப்பாளர், ஹார்மோனியக் கலைஞர் எனப் பல துறைகளில் அவர் விளங்கினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றினார்.

அவருடைய புகழ்பெற்ற நூல் 'படாட்யாச்சி சாள்'. 'சாள்' என்பது, வரிசையான சிறு அறைகளில் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் மும்பைக் கட்டடம். அங்கு வாழ்வோர் ஒருவர் உடல் எடையைக் குறைக்க எண்ணுகிறார். உடனே அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் வெவ்வேறு அறிவுரையுடன் வந்து சூழ்ந்துகொள்கின்றனர். படிப்போர் சிரிக்கின்றனர், ஆயினும் அம்மனிதர்களை வெறுப்பதில்லை. தம் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் அவர்களிடத்தே காண்கின்றனர். அந்நூலைப் பு. ல. மேடையேற்றியபோது, அத்தனை பேராகவும் தாம் ஒருவரே நடித்தார். விந்தை மனிதர்கள் பலரைச் சொல்லோவியமாக்கிய 'வ்யக்தி ஆணி வல்லி' என்னும் நூலுக்கு 1965இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சிரிக்க வைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஐம்பது வயதை ஒட்டிய பருவத்தில் வங்கமொழி கற்கச் சாந்திநிகேதனம் சென்றார். பெரும்புகழ் பெற்ற பின்னரும் மாணவராக அமர அவர் நாணவில்லை. தம் வருவாயில் பெரும்பகுதியை அறக்கட்டளை வழியாக நற்பணிகளுக்கு வழங்கினார். போதைப் பழக்கத்திலிருந்து மக்களை மீட்கும் 'முக்தாங்கண்' மையம் 1986இல் புணேயில் தொடங்கப்பட்டபோது, அவரும் அவர் துணைவியார் சுனிதாவும் உதவி புரிந்தனர்.

முளா ஆற்றங்கரையில் அமைந்த ஔந்த் பகுதியில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இவ்வாழ்க்கை மிக நெருக்கமானது. அவர்கள் வீட்டில் தமிழும், விளையாட்டுத் திடலில் மராத்தியும் இந்தியும், வகுப்பில் ஆங்கிலமும் பேசுகின்றனர். மராத்தியில் ஒரு சொல் பிறழ்ந்தால் இங்குள்ள நண்பர்கள் சிரிப்பர். தமிழில் 'ழ'கரம் பிறழ்ந்தால், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உறவினர் சிரிப்பர். ஏளனத்திற்கு அஞ்சிய குழந்தை வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடினால் மொழி வளராது. தன் பிழையைக் கண்டு தானே சிரித்து, சரியான சொல்லைக் கேட்டறியும் குழந்தையோ இரண்டு மொழிகளையும் தனதாக்கிக்கொள்ளும். உடனிருந்து சிரிப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. சிரித்த கையோடு சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

பிறரோடு கலந்து சிரித்து மகிழ இயலாதவர்க்குப் பகற்பொழுதும் இருளே என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 'பண்புடைமை' அதிகாரத்தில் வைத்துள்ளார். நகைச்சுவையைப் பண்பின் ஓர் உறுப்பாகவே அவர் கண்டார் என்பது இதனால் விளங்கும்.

சொற்பொருள்
நகை – சிரிப்பு
எள்ளுதல் – இகழ்தல்
பேதைமை – அறியாமை
பிறழ்தல் – மாறுபடுதல்

பயிற்சி
1. நகை பிறப்பதற்குரிய நான்கு காரணங்களை எழுதுக.
2. பு. ல. நிறைவான வாழ்வு வாழ்ந்தார் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக.
3. ஒருவர் மொழியில் பிழை செய்யும்போது, அவர் மனம் வருந்தாமல் திருத்துவது எவ்வாறு? ஐந்து தொடர்களில் எழுதுக.