ஹாண்டில்பார் உயர்ந்தால் என்ன ஆகும்?

1969-இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தால் உலகப் பிரசித்தி பெற்ற ‘சாப்பர்’ மோட்டார் சைக்கிள்களின் நெடிதுயர்ந்த ஹாண்டில்பார், வெறும் அலங்காரமன்று. ஓட்டுபவரின் தேக நிலையையே அது மாற்றிவிடுகிறது. முதுகு நிமிர்ந்து மணிக்கட்டின் பாரம் குறைவதால் மிதமான வேகத்தில் சுகம் உண்டாகிறது. ஆயினும், கைகள் இருதய மட்டத்திற்கு மேல் நெடுநேரம் நிற்குமாயின் இரத்தவோட்டம் தளர்ந்து விரல்கள் மரத்துப்போகும். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்மடங்காகுமாதலால், மார்பில் மோதும் காற்றுக்கு ஈடுகொடுக்கக் கைப்பிடியைப் பற்றியிழுக்க நேர்ந்து, அவ்விழுப்பே வண்டியின் ஸ்திரத்தைக் குலைக்கிறது. உடற்பாரம் பின்சக்கரத்தை நோக்கி நகர்வதால், முன்சக்கரம் சாலையைப் பற்றும் உணர்வும் மங்குகிறது. திருப்புவதற்குரிய நெம்புகோல் பலத்தைத் தருவதோ பிரதானமாக அகலமேயன்றி உயரமன்று. ஆகவே, தோள் மட்டத்திற்குத் தாழ்ந்து, முழங்கை சற்றே மடங்க இடந்தரும் உயரமே உத்தமம்.