தராசுத் தட்டும் சமன்பாடும்

அட்சரகணிதம் என்றதும் அஞ்சி ஒதுங்கும் மாணாக்கர் பலர். அவர்களுள் ஒருவனை அழைத்து, சமன்பாட்டை எவ்வாறு தீர்ப்பாய் என்று வினவினால், "மற்றப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்" என்ற விடை உடனே வரும். ஏன் மாறும் என்று வினவினாலோ விடை வராது. மந்திரம்போல் மனனஞ் செய்த அந்த வாசகம் எளிய சமன்பாடுகளிற் கைகொடுக்கும். சமனிலிகள் வந்தவுடன் கைவிட்டுவிடும்.

ஒரு தராசை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தட்டில் ஒரே நிறையுள்ள 3 அரிசிப் பைகளும் 4 கிலோ நிறைப்படியும் உள்ளன. மற்றத் தட்டில் 19 கிலோ நிறைப்படிகள் உள்ளன. தராசு சமநிலையில் நிற்கின்றது. பையொன்றின் நிறை 'க' எனக் கொண்டால், 3க உடன் 4 ஐக் கூட்ட வருவது 19 என்பதே சமன்பாடு. இரு தட்டுகளிலிருந்தும் 4 கிலோவை எடுத்துவிட்டால் தராசு சாயாது. 3 பைகளுக்கு எதிரே 15 கிலோ நிற்கும். ஆகவே ஒரு பை 5 கிலோ. இங்கே 4 என்னும் எண் ஒரு தட்டிலிருந்து மற்றத் தட்டுக்குத் தாவவில்லை, வேடமும் மாறவில்லை. இரு பக்கத்தும் ஒன்றையே செய்தோம், அவ்வளவுதான்.

இம்முறைக்கு வயது அதிகம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாது நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர், பாகப்பிரிவினை, வாணிகம், நில அளவை முதலியவற்றுக்கு உதவும்பொருட்டு ஒரு கணித நூல் எழுதினார். அந்நூற்பெயரிலுள்ள 'அல் ஜபர்' என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இக்கலைக்குப் பெயராயிற்று. குறைந்ததை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியில் முறிந்த எலும்பைப் பொருத்துபவனையும் 'அல்ஜெப்ரிஸ்தா' என வழங்கினர் என்பது சுவையான செய்தி. அல் குவாரிஸ்மியின் நூலிற் குறியீடுகள் இல்லை, யாவும் சொற்களே. சமக்குறியை 1557இல் ரொபேட் றெக்கோட் தந்தார். பெரிது, சிறிது என்பவற்றைக் காட்டும் குறிகள், தோமஸ் ஹரியட் இறந்து 10 ஆண்டுகளின் பின் 1631இல் அச்சேறிய அவர் நூலிலே தோன்றின.

சமனிலி என்பது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் தராசு. இரு தட்டிலும் ஒரே நிறையை இட்டாலும் எடுத்தாலும் சாய்வு மாறாது. 500 ரூபாவுடன் கடைக்குச் செல்லும் ஒருவன் பஸ் கட்டணத்துக்கு 80 ரூபாவை ஒதுக்கி, 60 ரூபா விலையுள்ள அப்பியாசக் கொப்பிகள் வாங்க நினைக்கிறான். எஞ்சுவது 420 ரூபா. ஆகவே 7 அல்லது அதனிற் குறைந்த கொப்பிகள் வாங்கலாம். விடை ஓர் எண்ணன்று, ஓர் எல்லை. அரைக் கொப்பியைக் கடைக்காரர் விற்கமாட்டார் என்பதையும் மாணாக்கன் மறத்தலாகாது.

இடர் வருவது மறை எண்ணாற் பெருக்கும்போதும் வகுக்கும்போதுமே. 2ஐ விட 5 பெரிது. இரண்டையும் மறை ஒன்றாற் பெருக்கினால், மறை 5 ஐ விட மறை 2 பெரிதாகிவிடும். 628இல் பிரமகுப்தர் நேர் எண்ணைச் செல்வமாகவும் மறை எண்ணைக் கடனாகவும் கொண்டு விதிகள் வகுத்தார். அந்த நோக்கில் இது வியப்பன்று: 5 ரூபா கையிலுள்ளவன் 2 ரூபா உள்ளவனிலும் மேலானவன், 5 ரூபா கடன்பட்டவனோ 2 ரூபா கடன்பட்டவனிலும் கீழானவன்.

இதை மறந்தால் விளைவு யாது? ஒரு குளத்தில் 10 அடி நீர் நிற்கின்றது; கோடையில் வாரத்துக்கு 2 அடி வற்றுகின்றது. எவ்வளவு காலம் 4 அடிக்கு மேல் நீர் நிற்கும்? 10இலிருந்து 2க கழிய எஞ்சுவது 4இலும் பெரிது. 10 ஐ அகற்றினால், மறை 2க மறை 6இலும் பெரிது என வரும். சாய்வைத் திருப்பாமல் மறை 2ஆல் வகுத்தவனுக்கு, க 3இலும் பெரிது என்ற விடை கிடைக்கும். அவன் கணக்கை நம்பிய கமக்காரன் 4ஆம் வார முடிவிற் குளத்தில் 2 அடி நீரையே காண்பான். சரியான விடை, க 3இலும் சிறிது என்பதாகும்.

பழைய 'அல் ஜபர்' முறையை நாடினால் இவ்வழுவே நேராது. குறைந்து நிற்கும் 2க வை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குக. 10 ஆனது, 4உம் 2கவும் சேர்ந்ததிலும் பெரிது. 6 ஆனது 2கவிலும் பெரிது. 3 ஆனது கவிலும் பெரிது. மறை எண்ணால் வகுக்கும் தேவையே எழவில்லை. விடை பெற்றபின் ஓர் எண்ணை இட்டுப் பார்த்தலும் நன்று. பரீட்சை மண்டபத்தில் அதற்கு அரை நிமிடம் போதும்.

இன்னுமொரு பொறி உண்டு. 3க வும் 5க வும் சமன் எனின், இரு பக்கத்தையும் க வால் வகுத்து, 3உம் 5உம் சமன் என்று கண்டு திகைப்போர் உளர். அவர்கள் வகுத்தது பூச்சியத்தால். தராசின் ஒரு தட்டில் 3 பைகளும் மற்றதில் 5 பைகளும் இருந்து, பையின் நிறையை ஒரு பொருட்டாகக் கொள்ளாவிடின், அது சமநிலையில் நிற்க ஒரே வழிதான் உண்டு: பைகள் யாவும் வெறும் பைகள்.