பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிவப்பரிசி இடியப்பமும் தக்காளிக் குழம்பும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரின் பிள்ளைகள் பாடசாலை இடைவேளையில் உண்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய கோதுமை மாப் பண்டமாகவே இருக்கின்றது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், மதுரங்குளியை அடுத்த கனமூலை முதலிய ஊர்களிலும் இதனைக் காணலாம். பெரும்போகத்தின் பின்னர்த் தக்காளி ஒருங்கே பழுத்துச் சந்தைக்கு வருங்காலத்தில் அதன் விலை வீழ்ந்துவிடுகின்றது. பெட்டிக் கூலிக்கும் வண்டிக் கூலிக்கும் கட்டாத பழத்தை விற்றுவிட்டு, அப்பணத்தைக் கொண்டே நூடில்ஸ் பொதியும் போத்தலில் அடைத்த தக்காளிச் சோஸும் வாங்கிச் செல்வது நட்டத்தின் மேல் நட்டமாகும். அத்தகைய பொதி நூடில்ஸ் பெரும்பாலும் எண்ணெயிற் பொரித்து உலர்த்தப்பட்டது. அதனுடன் வரும் தூளில் உப்பு மிகுதி. போத்தற் சோஸிலோ சீனி கணிசமாகச் சேர்ந்துள்ளது.

இலங்கையின் கோதுமைத் தேவை இறக்குமதியையே நம்பியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மாவும் பாணும் எவ்வளவு விலையேறின என்பதை எவரும் மறந்திரார். அரிசி விலையும் அக்காலத்தில் ஏறியது உண்மையே. 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் நெல் விளைவு குறைந்திருந்தது. எனினும் வீட்டுத் தேவைக்கென நெல்லை ஒதுக்கி வைத்திருந்தோர் பாணுக்காக வரிசையில் நிற்க நேரவில்லை.

இத்தாலி நாட்டார் பாஸ்தா, மக்கரோனி என வழங்கும் உணவும் நம்முடைய இடியப்பமும் ஒருவகையில் உறவினவே. இரண்டிலும் பிசைந்த மா துளைகளின் வழியே பிழியப்படுகின்றது. தக்காளியும் அவர்களுக்குச் சொந்தமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16 ஆம் நூற்றாண்டிலேயே அது ஐரோப்பாவை அடைந்தது. வேறுபாடு மாவில் உள்ளது. கடினக் கோதுமையில் குளூட்டன் என்னும் புரதப் பசை உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் அது வலைபோற் பின்னி இழையைப் பிணைக்கின்றது. அரிசியில் அப்பசை இல்லை. ஆதலால் அரிசி மாவைக் குளிர்ந்த நீரிற் குழைத்துப் பிழிந்தால் இழை நொறுங்கிப் போகும். கொதிநீர் ஊற்றும்போது மாப்பொருள் வெந்து பசையாகி, குளூட்டன் செய்யும் வேலையைத் தான் செய்கின்றது. நம் பாட்டிமார் நீர் தளதளவெனக் கொதிக்க வேண்டுமென வற்புறுத்தியதன் காரணம் இதுவே.

மா ஆயத்தம் செய்தல்

சிவப்புப் பச்சையரிசியே இதற்கு ஏற்றது. ஆலையில் தவிட்டை முற்றாக நீக்காது குற்றுவித்தல் வேண்டும். விற்றமின் பி வகையும் நாரும் தவிட்டிலேயே மிகுதியாக உள்ளன. அரிசியைக் கழுவி இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலிற் சற்று உலர்த்தி இடித்தோ அரைத்தோ அரித்துக் கொள்க. பின்னர் மாவை நிறம் மாறாதவாறு இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். தவிடுள்ள மாவில் எண்ணெய்ப் பசை இருத்தலால் அது நாட்பட்டால் சிக்கடிக்கும். எனவே ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவையே ஒரு தடவையில் வறுத்து, ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தல் நன்று.

ஒரு சுண்டு மாவுக்கு ஏறக்குறைய ஒரு சுண்டு கொதிநீர் தேவைப்படும். மாவின் வறுபதத்திற்கேற்ப இது கூடும் அல்லது குறையும். ஆதலின் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பைக் காம்பாற் கிளறிச் சேர்க்க. கரையோரத்தில் உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீட்டார் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மா கையில் ஒட்டாது, வெடிப்பும் இல்லாது திரண்டால் பதம் சரியாகும். சூடு ஆறுமுன் உரலிலிட்டுத் தட்டுக்களிற் பிழிந்து, ஆவியில் எட்டுப் பத்து நிமிடம் அவித்தெடுக்க.

தக்காளிக் குழம்பு

வழக்கமான தேங்காய்ப்பாற் சொதி வீட்டில் உடனே உண்பதற்குச் சிறந்தது. பாடசாலைக்கு அது ஏற்றதன்று. விடியற்காலை சமைத்த உணவு முற்பகல் இடைவேளை வரை வெப்பத்தில் இருக்கின்றது. தேங்காய்ப்பால் அதற்குள் புளித்துவிடக் கூடும். தக்காளி இயல்பாகவே புளிப்புடையதாதலால், நீர் வற்றச் சமைத்த தக்காளிக் குழம்பு அத்துணை விரைவிற் கெடுவதில்லை.

நான்கு பிள்ளைகளுக்கு நன்கு பழுத்த தக்காளி ஒரு கிலோகிராம் போதும். ரோமாவைப் போன்ற, சதை தடித்த நீள்வடிவப் பழங்கள் விரைவிற் குழம்பாகும். சந்தையில் விலைபோகாத, வெடித்த பழங்களை வெட்டித் துப்புரவாக்கிச் சேர்க்கலாம். பூஞ்சணம் பிடித்தவற்றை மட்டும் முழுவதுமாக ஒதுக்கிவிடுக. பழத்தின் அடியிற் சிலுவைபோற் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்திக் குளிர்நீரில் இட்டால் தோல் எளிதிற் கழன்றுவிடும்.

மட்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியும், உள்ளி நாலைந்து பல்லும், கறிவேப்பிலையும் வதக்குக. மஞ்சளும் சிறிது மிளகுத் தூளும் சேர்த்துத் தக்காளியை இட்டு, மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலத்திற்குக் குறையாமல் வற்றவிடுக. அலுமினியச் சட்டி கூடாது. தக்காளிப் புளி அதனை அரிக்கும். எண்ணெய் சேர்வது சுவைக்காக மட்டுமன்று. பழத்தின் செந்நிறப் பொருளாகிய லைக்கோபீன், வெந்து எண்ணெயுடன் கூடியபோதே உடலில் நன்கு சேர்கின்றது.

இவ்வளவில் நின்றால் உணவில் புரதம் குறைவாயிருக்கும். அவித்து மசித்த பருப்பு ஒரு கோப்பையேனும், கழுவி வறுத்துப் பொடித்த நெத்தலிக் கருவாடு ஒரு பிடியேனும் இதனோடு சேர்த்தல் வேண்டும். கருவாடு சேர்ப்பின் வேறு உப்புத் தேவைப்படாது. முருங்கையிலையையும் மறவாதீர். பச்சை இலையைக் கண்டவுடன் பிள்ளைகள் ஒதுக்குவர். ஆதலால் அரைத்து, அடுப்பிலிருந்து இறக்குமுன் கலந்து கொதிக்கவிடுவதே தந்திரம்.

பிள்ளைகளின் இரத்தச் சோகையைத் தாய்மார் பலர் சோம்பலென்றே எண்ணிக்கொள்கின்றனர். பாடத்தில் மனம் செல்லாமைக்கும் விரைவிற் களைப்பதற்கும் இரும்புச் சத்துக் குறைவு காரணமாகலாம். இலையிலும் பருப்பிலும் தவிட்டரிசியிலும் உள்ள இரும்பு எளிதில் உடலிற் சேர்வதில்லை. விற்றமின் சீ அதற்குத் துணைபுரிகின்றது. நெடுநேரம் வேகும்போது அவ்விற்றமினில் ஒரு பகுதி அழிந்துவிடுமாதலால், இறக்கி ஆறியபின் அரைத் தேசிக்காய்ச் சாறு பிழிக. உணவோடு தேநீர் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுதல் வேண்டும். தேயிலைச் சாயம் இரும்பைப் பிணித்துவிடுகின்றது. ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ கொடுப்பதிற் பெருந்தீங்கில்லை.

பெட்டியில் அடைத்தல்

அவித்த இடியப்பம் ஆறும்போது மாப்பொருள் இறுகி இழை விறைக்கும். இளஞ்சூட்டிலேயே இழைகளை உதிர்த்து, குழம்பு ஒவ்வோர் இழையிலும் படியுமாறு கலந்துவிட்டால் இடைவேளையிலும் மென்மையாயிருக்கும். சிறுவர் கரண்டியால் உண்ணவும் இது வசதி. ஆவி முற்றும் அடங்கிய பின்னரே உருக்குப் பெட்டியை மூடுக. சூட்டோடு மூடினால் உள்ளே நீர் துளித்து உணவு நசநசத்துக் கெடும். முதல்நாள் இரவு அவித்துச் சமையலறையில் வைத்த இடியப்பத்தைக் காலையில் மீளச் சூடாக்கி அனுப்புதல் ஆகாது. சமைத்த அரிசியுணவில் வளரும் சில கிருமிகளின் நஞ்சு மறுசூட்டிலும் அழிவதில்லை. குழம்பை மட்டும் முன்கூட்டிச் சமைத்து, குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் மூன்று நாள் வரை வைத்திருக்கலாம்; வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் தேசிக்காய் பிழிக.

உரித்த பழத்தோலைக் கோழிகளுக்கு இடலாம். தக்காளிச் செடியின் இலையையும் பச்சைக் காயையும் இடலாகாது. எஞ்சியதைக் கூட்டெருக் குழியிற் சேர்க்க.