எழுத்துருத் தரப்பாட்டிலிருந்து பெயர்த் தரவுக்கு: தமிழக அரசின் கணினித்தமிழ் முடிவுகளும் தேவிகாபுரம் நெசவாளர் ஆவணங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அரசு நிர்வாகத்தில் தொழில்நுட்பத் தலைமை என்பதைப் பெரும்பாலான ஆய்வுகள் இணையவாயில்கள், சேவை மையங்கள், செயலிகள் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றன. தமிழை இயந்திரத்தில் எழுதும் முறை குறித்துத் தமிழக அரசு 1978, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் எடுத்த முடிவுகளை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறித் தரவுத்தளத்தில் பதியும் இடத்தில் அத்தகைய முடிவு ஏதும் எடுக்கப்படவில்லை என்பதையும், அதன் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் பட்டு நெசவூரான தேவிகாபுரத்தை முன்னிறுத்தி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணினித்தமிழ், ஒருங்குறி, தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, மின்னாளுகை, கைத்தறி நெசவாளர், தேவிகாபுரம்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, போளூர், சேத்துப்பட்டு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் உள்ள தேவிகாபுரம், விசயநகரக் காலக் கல்வெட்டுகளைக் கொண்ட பெரியநாயகி அம்மன் கோயிலாலும் பட்டு நெசவாலும் அறியப்படும் ஊராகும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் நெசவு வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வூரில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாவு புணைத்தல், தார் சுற்றுதல் முதலிய வேலைகளில் குடும்பத்தார் அனைவரும் பங்குகொள்வர். கூலி சேலைக் கணக்கில் அமைவதால், தறியை விட்டு நீங்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் இழப்பாகும்.

நெசவாளருக்கென அரசு செய்யும் உதவிகள் பல. கைத்தறி நெசவாளர்க்கு இரு மாதங்களுக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 அலகாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஓய்வூதியம், காப்பீடு, முத்ரா கடன் என வேறு சிலவும் உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பிப்பவர் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பதிவேடு, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவற்றில் உள்ள பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதே அதற்கான முதற்சான்று. தமிழ்ப் பெயர் உடையவர்க்கு இந்த ஒப்புமை எளிதில் கிட்டுவதில்லை. அதன் காரணத்தை நெசவாளரின் கவனக்குறைவில் தேடுவதைவிட, எழுத்து குறித்த அரசு முடிவுகளின் வரலாற்றில் தேடுவது பொருத்தமாகும்.

மூன்று முடிவுகள்

திருவண்ணாமலை வட்டாரத்தில் பரவலாக வழங்கும் 'ஏழுமலை' என்னும் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1978ஆம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பதிவேட்டில் இப்பெயரின் இறுதி எழுத்தாகிய 'லை', துதிக்கை போன்ற கொம்புடன் பழைய வடிவில் இருக்கும். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான எழுத்துச் சீர்திருத்த அரசாணை, பெரியார் முன்னரே கையாண்ட வடிவங்களை ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளை மாற்றியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் இதனால் விளைந்த எளிமை வெளிப்படை. பெயருக்குரியவர் அலைய நேரவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே எழுத்தென அரசே அறிவித்துவிட்டது. இரண்டும் ஒன்றுதான் என்று உறுதிமொழி ஆவணம் எவரிடமும் கேட்கப்படவில்லை.

இரண்டாவது முடிவு 1999இல் எடுக்கப்பட்டது. 1990களில் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்திருந்தது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. சிங்கப்பூரில் 1997இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட்99' மாநாட்டை அரசு கூட்டியது. மு. ஆனந்தகிருஷ்ணன் இதில் முன்னின்றார். தமிழகத்தாரோடு சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐரோப்பா ஆகிய இடங்களின் கணினித்தமிழ் வல்லுநர்களும் இவ்விவாதங்களில் பங்கேற்றனர். ஒரு மொழிக்கு 'டாம்', இரு மொழிக்கு 'டாப்' என்னும் 8 பிட் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்பாடுகளாக அறிவிக்கப்பட்டன.

இவற்றின் பின்வரலாறு ஒரே வகையில் அமையவில்லை. குறியேற்றங்களை ஒருங்குறி சில ஆண்டுகளில் வழக்கொழியச் செய்துவிட்டது. விசைப்பலகையோ இன்றும் கைப்பேசி வரை நிலைத்திருக்கிறது. உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைய, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும்படி செய்த அதன் அமைப்பு தமிழ் எழுத்திலக்கணத்தை ஒட்டியது. மொழியின் இயல்பிலிருந்து எழுந்த தரப்பாடு நின்றது, அன்றைய இயந்திரத்தின் வரம்பிலிருந்து எழுந்தது மறைந்தது என்று இதை விளக்கலாம். ஆயினும் அறிவிப்புக்குப் பின்னரும் அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவே நெடுங்காலம் புழங்கியது. அக்கோப்புகளை இன்று திறக்க முயன்ற ஆய்வாளர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, 2010 ஜூனில் கோயம்புத்தூர் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியும், அது போதாத பயன்பாடுகளுக்கு டேஸ்16 குறியேற்றமும் அரசின் தரப்பாடுகளாக ஆணையிடப்பட்டன. இதன்பின் குடும்ப அட்டை முதல் பட்டா வரை அரசுத் தரவுகள் தமிழில் தேடத்தக்கனவாக மாறுவதற்கு வழி பிறந்தது. ஒருங்குறிக்குள்ளும் சில சிக்கல்கள் உண்டு. 'பொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக் கொம்பு, கால் என்னும் இரண்டு குறியெண்களாகவும் சேமிக்க இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. 'பொன்னுசாமி' என்னும் இரண்டு பதிவுகள் கணினிக்கு இரண்டு பெயர்களாகலாம். எனினும் இதற்கு இயல்பாக்கம் என்னும் தீர்வை ஒருங்குறியே வகுத்துள்ளது. தரவுத்தளம் அமைப்பவர் அதைச் செயற்படுத்தினால் போதும்.

முடிவெடுக்கப்படாத இடம்

மேற்கண்ட மூன்றும் தமிழெழுத்து தமிழெழுத்தாகவே இருக்கும் எல்லைக்குள் நிகழ்ந்தவை. நெசவாளரின் பெயரோ இந்த எல்லையைப் பலமுறை கடக்கிறது. சங்கப் பதிவேட்டில் அது தமிழில் இருக்கிறது. வங்கியின் மென்பொருள் ஆங்கில எழுத்தையே கொள்கிறது. 2010இல் தொடங்கிய ஆதார்ப் பதிவில் இரு வடிவங்களும் உண்டு. ஆனால் பதிவாளர் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய, அதிலிருந்து தமிழ் வடிவத்தை மென்பொருள் முன்மொழியும். பதிவாளர் திருத்தாவிட்டால் அதுவே நிலைக்கும். மூலம் எது, பெயர்ப்பு எது என்னும் முறை இங்குத் தலைகீழாகிறது. 'ஏழுமலை' ஆங்கிலத்தில் எல் எழுத்துடன் எழுதப்பட்டு மீண்டும் தமிழுக்கு வரும்போது 'எலுமலை' ஆவது இவ்வாறே. லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் ஆங்கிலத்தின் ஒரே எழுத்தில் ஒடுங்கும்போது, திரும்பி வரும் வழி அடைபடுகிறது.

இப்பெயரின் ஆங்கில வடிவங்கள் பலவாகும். முதலெழுத்து 'ஈ' ஆகலாம், 'ஒய்' ஆகலாம். ழகரம் 'இசட்-எச்' ஆகலாம், 'எல்' ஆகலாம். இவற்றை மட்டும் பெருக்கினாலே நான்கு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒலியொத்த பெயர்களை இணைக்க 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறையும் இங்கு உதவுவதில்லை. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை எண்களாக்குவது அம்முறை. அதன்படி 'இசட்-எச்' வடிவம் ஈ254 என்றும், 'எல்' வடிவம் ஈ454 என்றும், 'ஒய்'யில் தொடங்கும் இசட்-எச் வடிவம் ஒய்254 என்றும் அமையும். ஒரே மனிதர் மூவராகிறார். ஆங்கிலப் பெயர்களின் ஒலிப்பழக்கத்தை வைத்து அமைந்த முறை தமிழ்ப் பெயரில் இடறுவது இயல்பே. அதை மாற்றமின்றி ஏற்பதுதான் குறை.

தலைப்பெழுத்து இச்சிக்கலைப் பெருக்குகிறது. தமிழர் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பமோ கடைப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது, தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. 'மு. ஏழுமலை' அங்கு 'ஏழுமலை முனுசாமி' ஆகிறார். வேறோர் ஆவணத்தில் 'முனுசாமி ஏழுமலை' ஆகிறார். முனுசாமிக்கும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. பெண்களுக்கு இன்னும் ஒரு படி கூடுகிறது. அம்மன் பெயரைத் தாங்கிய ஒரு 'பெரியநாயகி'யின் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்தும், திருமணத்துக்குப் பின் எடுத்த ஆவணங்களில் கணவரின் தலைப்பெழுத்தும் இருக்கும். பெயரின் ஈற்றில் உள்ள ககரத்தை ஆங்கிலத்தில் 'கே' என எழுதுவதா 'ஜி' என எழுதுவதா என்பது அவ்வப்போது விசைப்பலகை முன் அமர்ந்தவரைப் பொறுத்தது. அரசு 2021இல் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அது கையொப்பத்தைத் தமிழாக்குமே தவிர, வங்கிக் கணினியில் உள்ள எழுத்தை மாற்றாது.

ஊர்ப்பெயர்களும் இதற்கு விலக்கல்ல. ஆரணி நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் ஆங்கிலத்தில் 'ஏ-ஆர்-ஏ-என்-ஐ' என ஐந்தெழுத்தால் எழுதப்படுகிறது. விழுப்புரம்–காட்பாடி இருப்புப் பாதையில் உள்ள ஆரணி சாலை நிலையத்தின் பெயரில் அதுவே நான்கெழுத்து. சேத்துப்பட்டின் ஆங்கில வடிவத்தைக் கண்டு அதன் தமிழ்ப் பெயரை மீட்டுரைப்பது வெளியூரார் எவர்க்கும் இயலாது.

2020ஆம் ஆண்டு ஆணை

இவ்விடத்தில் அரசு முயலவே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுவதற்கான ஆணை 2020 ஜூனில் வெளிவந்தது. சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலூரில் உள்ள ஏகாரத்தைக் காட்ட 'ஈ' எழுத்தை இரட்டித்தமையால் ஆங்கிலம் பயின்றவர் அதை 'வீலூர்' என்று படித்தனர். நோக்கம் சரியானதே. 1999இல் இருந்த ஒன்று 2020இல் இல்லை: முடிவுக்கு முன்னர் மாற்றுக் கருத்தினரை ஓரிடத்தில் அமர்த்திய பொது விவாதம். அதனினும் அடிப்படையான குறை, ஒரே சரியான வடிவத்தை மேலிருந்து விதிக்கலாம் என்ற எண்ணம். அதே நெறியை மக்கட்பெயர்க்கும் நீட்டினால் ஏழுமலை 'ஈழுமலை' எனப் படிக்கப்படுவார். பள்ளிச் சான்றிதழில் பல ஆண்டுகள் எழுதி வந்த ஆங்கில வடிவத்தை எவரும் எளிதில் கைவிடவும் மாட்டார். கைவிடச் சொல்வதற்கு அரசுக்கு உரிமையும் இல்லை என்பது கட்டுரையாளரின் கருத்து.

பெயர் வேறுபாட்டைத் தீர்க்க இன்று உள்ள வழி தனிமனிதரைத் திருத்துவதாகவே இருக்கிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே பொதுவாக மாற்றிக்கொள்ள இயலும். பதிவாளரின் பிழையைத் திருத்துவதற்கே ஒரு வாய்ப்பு செலவாகிவிடும். அதற்கு மேல் அரசிதழில் பெயர்மாற்ற அறிவிப்பு, அதற்குக் கட்டணம், பயணம். தேவிகாபுரத்து நெசவாளர் ஒருவர் ஒரு எழுத்துக்காக இருமுறை ஆரணிக்குச் சென்றுவந்தால், பாவு ஏற்றிய தறி இரண்டு நாள் நிற்கும்.

தலைமை செயற்பட வேண்டிய தளம்

நிலப்பதிவுகளைக் கணினிமயமாக்கிய கருநாடகத்தின் 'பூமி' திட்டத்தைத் தொழில்நுட்பத் தலைமைக்குச் சான்றாகக் காட்டுவது ஆய்வுலக மரபு. தமிழகத்தில் 2000இல் பதிவுத்துறையில் வந்த 'ஸ்டார்' திட்டம், 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னாளுகை முகமை, அதன் இ-சேவை மையங்கள் ஆகியவையும் அவ்வரிசையில் எண்ணத்தக்கவை. இவை சேவையை விரைவாக்கின. பெயர்ப் பொருத்தம் சேவைக்கு முந்திய அடுக்கு. அங்கு ஒரு தவறு நேர்ந்தால் விரைவான மையம் விரைவாகவே விண்ணப்பத்தை நிராகரிக்கும்.

இதற்கு வேண்டுவது பெருஞ்செலவுத் திட்டமன்று. மாநில அரசின் தரவுத்தளங்களில் தமிழ்ப் பெயரை முதன்மைப் புலமாக வைத்தல், ஒருவரின் வெவ்வேறு ஆங்கில வடிவங்களைப் பிழையெனத் தள்ளாமல் அந்த ஒரே தமிழ்ப் பெயரின் கீழ் மாற்று வடிவங்களாக இணைத்தல், ஒப்பீட்டைத் தமிழ்ப் பெயரின் வழியே நிகழ்த்துதல் ஆகியன போதுமானவை. ழகரத்துக்கு 'இசட்-எச்'சும் 'எல்'லும், ஏகாரத்துக்கு 'ஈ'யும் 'ஒய்-ஈ'யும் நிகர் எனக் கூறும் நிகரன் பட்டியல் ஒன்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மின்னாளுகை முகமையும் இணைந்து திறந்த முறையில் வெளியிடலாம். வங்கிகளும் ஒன்றிய அரசின் துறைகளும் மாநில ஆணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்னும் தடை உண்மையானதே. ஆயினும் 1999இன் விசைப்பலகையைத் தமிழகத்துக்கு வெளியே எவர்மீதும் அரசு திணிக்கவில்லை. பயன்பட்டதால் அதை மற்றவர் ஏற்றனர்.

உள்ளாட்சி அளவில் இப்பணிக்குரிய கருவி முன்னரே உள்ளது. கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டில் நெசவாளர் பெயர் அவர் கையொப்பமிடும் தமிழ் வடிவிலேயே, தறி விவரத்தோடும் கூலிக் கணக்கோடும் இருக்கிறது. ஊரார் அறிந்த பெயரும் அதுவே. சங்கத்துக்கு வெளியே தனியார் முதலாளிகளிடம் கூலிக்கு நெய்வோரையும், தார் சுற்றும் பெண்களையும் இப்பதிவேடு உள்ளடக்காது. அவர்களுக்கு ஊராட்சி மன்றமோ கிராம நிர்வாக அலுவலரோ அதே வகைப் பதிவைத் தொடங்க வேண்டியிருக்கும். நாடளாவிய கைத்தறிக் கணக்கெடுப்பு 1987–88, 1995–96, 2009–10, 2019–20 என நான்கு முறை நிகழ்ந்துள்ளது. ஐந்தாவது கணக்கெடுப்பாளர் தேவிகாபுரத்துத் தெருவுக்கு வரும்போது, ஆதாரின் ஆங்கில வரியைப் பார்த்து எழுதுவதற்கு முன் வீட்டாரிடம் பெயரைக் கேட்டுத் தமிழில் எழுதுவதற்கு அவரது படிவத்தில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அக்கட்டத்தை வடிவமைப்பவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.