செயலிக்குத் தெரியாத தெரு

மாலை ஐந்து மணிக்கு நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலின் பாதி சென்னையில் ஒரு கணினியில் இருக்கிறது. மீதி யாரிடமும் இல்லை.

2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தது நம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். கொரோனாவால் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை அப்பா உப்பளத்துக்கு எடுத்துப் போய்விட்டால் அன்றைக்கு வகுப்பு கிடையாது. அந்த இழப்பை ஈடுகட்ட, இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு. தொடக்கநிலைக்குப் பிளஸ் டூ, நடுநிலைக்குப் பட்டம் படித்திருக்க வேண்டும். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நம் தெருக்களில் படித்துவிட்டு வேலையின்றி இருந்த எத்தனையோ தங்கைகளை ஊர் முதன்முதலாக 'டீச்சர்' என்று கூப்பிட்டது அப்போதுதான்.

இவ்வளவு பெரிய கூட்டத்தை நோட்டுப் புத்தகம் வைத்து நடத்த முடியாது. பதிவு இணையத்தில், வருகை செயலியில். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன், பிராவிடன்ஸ் ஆகிய நகரங்களும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்புகளை ஒருங்கிணைக்க இப்படித்தான் சேர்க்கை, வருகைத் தரவுகளைத் திரட்டின. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2010இல் அந்த அனுபவத்தை அறிக்கையாக்கியது. நம் மாநிலம் அதைவிடப் பெரிய அளவில், கிராமங்களிலும் செய்து காட்டியது.

பலனும் இருந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்பில் 24 விழுக்காடு மாலை மையங்களால் வந்தது. படிப்பு குறைந்த தாய்மாரின் பிள்ளைகளே அதிகம் இழந்தவர்கள், வேகமாக மீண்டவர்களும் அவர்களே. உப்பு வாரும் நம் அம்மாக்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் இது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் செயலி மையத்தை எண்ணுகிறது, தெருவை எண்ணுவதில்லை. ஒரு கிராமத்தில் மூன்று மையங்கள் என்றால் கணக்கு நிறைவாகத் தெரியும். மூன்றுமே ஊர்த்தெருவில் இருந்தாலும் அதே மூன்றுதான். வரைபடத்தில் காலனிக்கும் ஊருக்கும் இருநூறு மீட்டர் இருக்கலாம். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் குடிசைகள் கொளுத்தப்பட்டதைப் பார்த்த தாய், பத்து வயதுப் பெண்ணை இருட்டிய பிறகு அந்த இருநூறு மீட்டர் தாண்டி அனுப்புவாளா? அந்தப் பெண் செயலியில் 'வரவில்லை' என்றுகூடப் பதிவாக மாட்டாள். சேர்க்கப்பட்டிருந்தால்தானே வராமல் இருக்க முடியும்?

இன்னொன்று. உப்பளத்தில் வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க விடியுமுன் கிளம்ப வேண்டும். அம்மா போன பிறகு தம்பியை எழுப்பி, சோறு கட்டி, பிறகு பள்ளிக்கு ஓடுவது மூத்த பெண். காலையில் அடிக்கடி தாமதம், சில நாள் வருகையே இல்லை. மாலையில் அம்மா வீட்டில் இருப்பதால் மையத்துக்கு ஒழுங்காக வந்துவிடுவாள். பள்ளிப் பதிவேடு அவளைச் சோம்பேறி என்கிறது, மையப் பதிவேடு நல்ல மாணவி என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரச்சினை பிள்ளையிடம் இல்லை, உப்பள வேலை நேரத்தில் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் புரியும். உப்புப் பருவம் தொடங்கும் மாதத்தில் காலை வருகை எங்கெல்லாம் சரிகிறது என்று பார்த்தாலே, எந்தத் தெருவுக்கு என்ன உதவி வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். தரவு என்றால் இதற்குப் பயன்பட வேண்டாமா?

சாதியை ஏன் கணக்கில் இழுக்கிறீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அதை முழு மனதோடு ஆதரிக்கிறோம். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சாதி வேண்டாம். எந்தத் தெருவில் மையம் இல்லை என்ற எண்ணிக்கை மட்டும் பெயரில்லாமல் வெளியே வரட்டும். முன்னது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது, பின்னது அரசைக் கேள்வி கேட்பது.

கணக்கு கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. 1928இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சார்பில் சைமன் குழுவிடம் கல்வி குறித்து மனு கொடுத்த அண்ணல் அம்பேத்கர், பம்பாய் மாகாணத்தில் எந்த வகுப்பு மக்கள்தொகையில் எந்த இடம், பள்ளியில் எந்த இடம், கல்லூரியில் எந்த இடம் என்று அட்டவணை போட்டுத்தான் வாதிட்டார்.

மாலை மையங்களைக் கூட்டவோ குறைக்கவோ முடிவெடுக்கும்போது அதிகாரியின் மேசையில் இருப்பது வருகை விழுக்காடு மட்டும் என்றால், எந்தத் தெருவின் மையம் முதலில் மூடப்படும் என்று நமக்குத் தெரியும். அதனால் நாம் கேட்பது அதிகமில்லை. குடியிருப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை மையங்கள் என்று ஒரு தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும். அந்தக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. உப்பளத்து அம்மாக்களும் இருக்கிறார்கள். கூட்டத்தைக் காலையில் வைக்காமல் மாலையில் வைத்தால் அவர்கள் வருவார்கள்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்கப் போவதில்லை. காலனி காலனியாகப் போய் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். பெயர் எழுதுவதில்லை. தெரு, ஒன்று முதல் எட்டுவரை படிக்கும் பிள்ளைகள், அம்மா எத்தனை மணிக்கு உப்பளத்துக்குப் போகிறார், பக்கத்து மையத்துக்குப் பிள்ளை எந்த வழியாக நடக்க வேண்டும். நாலாவது கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடிக்கிறது.